கூட்டலும் வழங்கலும்: 2 பேதுரு 1:5இல் ஒரு சொல்லைக் குறித்து

1. ஒரு கேள்வி

சில ஆண்டுகளுக்கு முன் நாம் ஊழியம் செய்த சபையொன்றில், கணவரை அடக்கம்பண்ணி ஒரு வாரமே ஆகியிருந்த ஓர் அம்மையாரின் வீட்டுக்குச் சென்றிருந்தோம். அவருடைய கணவர் சிறுநீரக நோயினால் மூன்று ஆண்டுகள் துன்புற்று மரித்தவர். ஜெபித்து முடித்து நாம் எழுந்திருக்க முற்படுகையில், அந்த அம்மையார், “ஐயா, ஒரு காரியம் கேட்கவேண்டும். என் விசுவாசத்தில் எவ்வளவு குறைந்துபோயிற்று?” என்று கேட்டார்.

தம் கணவர் ஏன் மரித்தார் என்று அவர் கேட்கவில்லை. கடவுள் ஏன் இப்படிச் செய்தார் என்றும் கேட்கவில்லை. அவர் கேட்டது ஓர் அளவை. விசாரித்தபோது, ஆறுதல் சொல்ல வந்த சிலர், விசுவாசத்தோடு இன்னும் சில நாள் உபவாசத்தையும் சேர்த்திருந்தால் சுகம் கிடைத்திருக்கும் என்று சொல்லிப் போனதாகத் தெரிந்தது. அவர்களைக் கண்டித்துப் பேச நாம் வாய் திறந்தோம். அதற்குள் அம்மையார் தம் வேதாகமத்தின் கடைசி வெற்றுத்தாளைத் திறந்து நம்மிடம் நீட்டினார். அதில் ஏழு சொற்கள் ஒன்றன்கீழ் ஒன்றாக எண்ணிட்டு எழுதப்பட்டிருந்தன. அவை அதற்கு முந்தின லெந்து காலத்தில் நாம் பிரசங்கித்த அருளுரையின் குறிப்புகள்! ‘விசுவாசத்தின்மேல் ஏழு படிகள்’ என்று நாம் அதற்குத் தலைப்பிட்டிருந்தோம். முதல் மூன்று சொற்களுக்கு எதிரே பென்சிலால் ஓர் அடையாளம் இடப்பட்டிருந்தது. நான்காவது சொல்லாகிய பொறுமைக்கு எதிரே ஒன்றுமில்லை. “இரவில் அவர் கூப்பிடும்போது எத்தனையோ தரம் எரிந்து விழுந்திருக்கிறேன், ஐயா. இந்தப் படியிலேயே நின்றுவிட்டேன்” என்றார் அவர்.

அன்று நாம் அவருக்குத் தகுந்த பதில் சொல்லவில்லை. வந்துபோனவர்கள் சொன்னதற்கும் நாம் பிரசங்கித்ததற்கும் உள்ள தூரம் நாம் எண்ணியிருந்த அளவு பெரியதன்று என்பதை மட்டும் உணர்ந்து வீடு திரும்பினோம். விசுவாசம் போதாது, அதனோடு எதையாவது கூட்டவேண்டும் என்றே அவர்கள் சொன்னார்கள். நாமும் அதையே, ஆனால் ஒழுங்கான தலைப்புகளோடு சொல்லியிருந்தோம். ஆகவே, இக்கட்டுரையில் நாம் திறனாய்வுக்கு எடுத்துக்கொள்வது பிறருடைய போதனையை மட்டுமல்ல, நம்முடைய அருளுரையையுமே. இரண்டும் ஒரே சொல்லைத் தவறாய்க் கையாண்டதன் விளைவு என்பது நம் துணிபு.

2. தமிழ் வழக்கில் ‘கூடுதல்’

ஆங்கிலத் திருப்புதல்களில் ஒன்று (1946ஆம் ஆண்டின் திருத்திய பதிப்பு) இவ்வசனத்தில் ‘சப்ளிமென்ட்’ என்னும் சொல்லை வினையாக வழங்குகிறது. இச்சொல் இலத்தீனில் ‘நிரப்பு’ என்று பொருள்படும் வினையடியிலிருந்து பிறந்தது. ரோமச் சேனையில் மரித்தோராலும் விலகினோராலும் வெறுமையான இடங்களை நிரப்பும்படி திரட்டப்பட்ட புதுவீரரை அவர்கள் இப்பெயரால் அழைத்தார்கள். எனவே அச்சொல்லின் அடியிலேயே ஒரு குறைவு, ஒரு வெற்றிடம் இருக்கிறது. ஆங்கில விளக்கவுரைகளைத் துணைகொண்டு அருளுரை ஆயத்தம்பண்ணும் நம்மில் பலர், அறியாமலே அந்த வெற்றிடத்தையும் சேர்த்துத் தமிழுக்குக் கொண்டுவந்துவிடுகிறோம்.

தமிழோ இந்தக் கருத்துக்கு ஒரே சொல்லோடு நின்றுவிடவில்லை. தேர்வில் தவறிய மாணவன் மறுபடியும் எழுதுவதைத் ‘துணைத்தேர்வு’ என்கிறோம். அங்கே ஒரு தோல்வி முன்சென்றிருக்கிறது. அரசின் வரவுசெலவுத் திட்டத்தில் ஒதுக்கிய தொகை போதாதபோது கேட்கப்படுவதை இலங்கைத் தமிழர் ‘குறைநிரப்பு மதிப்பீடு’ என்பர். அங்கே ஒரு பற்றாக்குறை முன்சென்றிருக்கிறது. கணித நூல்களில் இரு கோணங்கள் சேர்ந்து 180 பாகையானால் அவற்றை ‘மிகைநிரப்புக் கோணங்கள்’ என்கின்றனர். 90 பாகையானால் ‘நிரப்புக் கோணங்கள்’ எனப்படும். அங்கே தோல்வியுமில்லை, பற்றாக்குறையுமில்லை. 60 பாகைக் கோணம் தன்னளவில் குறையுள்ள கோணமன்று. முழுமை 90 என்று வைத்தால் 30 வேண்டும். 180 என்று வைத்தால் 120 வேண்டும். முழுமையின் அளவை முதலில் யாரேனும் தீர்மானித்த பின்னரே ‘எவ்வளவு குறைகிறது’ என்ற கேள்வி எழ முடியும் என்பதை இது நமக்குக் காட்டுகிறது. அந்த அம்மையாரின் விசுவாசத்துக்கு முழு அளவைத் தீர்மானித்தவர் யார் என்ற கேள்வியை இங்கே நாம் மனதில் வைத்துக்கொள்வோம்.

இன்னொரு வழக்கும் உண்டு. பிறந்து ஆறு மாதங்கள் நிறைந்த குழந்தைக்குத் தாய்ப்பாலோடு கஞ்சியும், மசித்த சோறும் பருப்பும் கொடுக்கத் தொடங்குகிறோம். இதற்கு ‘இணை உணவு’ என்று பெயர். தாய்ப்பால் கெட்டுப்போனது என்பதால் அது கொடுக்கப்படுகிறதா? அல்ல. பால் நல்லதாயிருந்ததனாலும், குழந்தை அதைக் குடித்து வளர்ந்ததனாலுமே அது கொடுக்கப்படுகிறது. இணை உணவு தொடங்கியபின் பாலை நிறுத்திவிடுவதுமில்லை. இரண்டு வயதும் அதற்கு மேலும் பாலூட்டுதல் தொடரலாம் என்றே மருத்துவர்கள் அறிவுரை கூறுகின்றனர். இங்கே கூடுதலுக்குக் காரணம் குறைவு அன்று, வளர்ச்சியே.

துணைத்தேர்வும் இணை உணவும் ஆகிய இவ்விரண்டில் எதைப்போல 2 பேதுருவின் ஆக்கியோன் பேசுகிறார்? இதுவே நம்முன் உள்ள வினா. (இந்நிருபத்தை எழுதியவர் யார், எக்காலத்தவர் என்னும் ஆராய்ச்சிக்குள் இங்கே நாம் புகவில்லை. எவ்விடையாயினும் நம் வினா மாறாது.)

3. சொல்லின் பிறப்பும் வழக்கும்

மூலத்திலுள்ள சொல் ‘எப்பிகொரேகேயோ’ என்பது. இதன் அடியில் ‘கொரேகோஸ்’ என்ற பெயர் இருக்கிறது. பண்டைய ஆதென்ஸ் நகரில் திருவிழாக்காலங்களில் நாடகங்களும் பாடற்குழுப் போட்டிகளும் நடந்தன. பாடற்குழுவைப் பயிற்றுவிக்கும் செலவையும் அவர்களுக்கு வேண்டிய உடை முதலியவற்றையும் செல்வமுள்ள குடிமகன் ஒருவன் ஏற்றுக்கொள்வான். அவனே கொரேகோஸ். கி.மு. 472இல் ஐஸ்கிலஸ் இயற்றிய ‘பாரசீகர்’ என்னும் நாடகத்துக்கு இவ்விதம் செலவேற்றவர் பெரிக்ளிஸ். கி.மு. 335–334இல் தன் குழு வெற்றிபெற்றதை நினைவுகூர லிசிக்ராட்டஸ் என்பவன் எழுப்பிய சின்னம் இன்றும் ஆதென்ஸில் நிற்கிறது. கொரேகோஸ் அளந்து கொடுத்தால் குழு தோற்கும்; ஊரார் அவனைக் கஞ்சன் என்பர். ஆகையால் தாராளம் என்ற கருத்து இச்சொல்லோடு ஒட்டிக்கொண்டது.

பிற்காலத்தில் இச்சொல் நாடக அரங்கை விட்டு வீட்டுக்குள் வந்தது. எகிப்து நாட்டு ஒக்சிரிங்கஸ் ஊரில் கண்டெடுக்கப்பட்ட நாணற்சுவடிகளுள், ஏறக்குறைய கி.பி. 30–35ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த ஒரு முறையீடு உண்டு. திரிபோன் என்ற நெசவாளன், தன்னை விட்டுப்போன மனைவியைக் குறித்து அதிகாரியிடம் முறையிடுகிறான். அவளுக்குத் தகுந்தவற்றையெல்லாம், தன் சக்திக்கு மிஞ்சியும், தான் வழங்கி வந்ததாக அவன் சொல்லுமிடத்தில் இதே வினைச்சொல்லைப் பயன்படுத்துகிறான். திருமண உடன்படிக்கைகளிலும் கணவன் மனைவிக்குச் செய்யவேண்டிய பராமரிப்பைக் குறிக்க இச்சொல் வழங்கிற்று. ஆக, நம் ஆண்டவரின் காலத்துச் சாதாரண மக்களின் நாவில், ஒரே வீட்டில் வாழ்வோர் ஒருவரையொருவர் தாங்குவதைக் குறிக்கும் சொல்லாக இது இருந்தது.

புதிய ஏற்பாட்டில் இது வரும் இடங்களை நோக்குவோம். 2 கொரிந்தியர் 9:10இல் விதைக்கிறவனுக்கு விதையை அளிக்கிறவர் கடவுள். கலாத்தியர் 3:5இல் சபைக்கு ஆவியை அளிக்கிறவர் கடவுள். கொலோசெயர் 2:19இல் சரீரம் முழுவதும் தலையாகிய கிறிஸ்துவினிடமிருந்து உதவி பெறுகிறது. பெயர்ச்சொல்லாக எபேசியர் 4:16இலும் பிலிப்பியர் 1:19இலும் வருகிறது. பின்னதில் அது இயேசு கிறிஸ்துவின் ஆவியின் உதவி. நம் பழைய திருப்புதல் இவ்விடங்களில் ‘அளித்தல்’, ‘உதவி’ என்னும் சொற்களை வழங்குகிறது. வினைச்சொல்லின் எழுவாய் மனிதராக வரும் ஒரே இடம் 2 பேதுரு 1:5. அதே அதிகாரத்தின் பதினோராம் வசனத்தில் மறுபடியும் இச்சொல் வருகையில், நித்திய ராஜ்யத்தின் பிரவேசத்தைப் பரிபூரணமாய் அளிக்கிறவர் திரும்பவும் கடவுளே. வேறு இடங்களில் கடவுளுக்கே உரியதாய் வழங்கிய சொல்லை ஆக்கியோன் இவ்வொரு வசனத்தில் நம் கையில் கொடுத்து, ஆறு வசனங்களுக்குப்பின் கடவுளிடமே திருப்பிவிடுகிறார். இதைக் கவனியாமல் ஐந்தாம் வசனத்தை மட்டும் பிடுங்கியெடுத்துப் பிரசங்கித்தது நமது முதல் தவறு.

4. விசுவாசத்தோடா, விசுவாசத்திலா?

ஐந்தாம் வசனத்தின் இலக்கண அமைப்பையும் காணவேண்டும். கிரேக்கத்தில் ‘விசுவாசத்தோடு’ என்பதற்கு நேரான உருபு அங்கே இல்லை. இருப்பது ‘விசுவாசத்தில்’ என்பதே. இலத்தீன் திருப்புதல் அவ்வாறே ‘விசுவாசத்தில்’ என்று காத்தது. 1611ஆம் ஆண்டின் ஆங்கிலத் திருப்புதல் விசுவாசத்துடன் ‘சேர்க்கும்படி’ சொன்னது. 1881ஆம் ஆண்டின் திருத்தப் பதிப்பு ‘விசுவாசத்தில் வழங்கும்படி’ என்று மூலத்தை ஒட்டித் திருத்திற்று. விசுவாசம் ஒரு தட்டில் இருக்க, மறுதட்டில் நாம் எடைபோடும் பொருளன்று நற்குணம். விசுவாசம் என்னும் நிலத்துக்குள்ளிருந்தே அது விளைகிறது.

அந்த விசுவாசம் எப்படிப்பட்டது? முதல் வசனம் சொல்லுகிறது: அது அப்போஸ்தலருடைய விசுவாசத்துக்குச் சமமான மதிப்புள்ளது, மேலும் அது பெற்றுக்கொள்ளப்பட்டது, சம்பாதிக்கப்பட்டதன்று. ‘பெற்றவர்கள்’ என்று அங்கே வழங்கும் கிரேக்கச் சொல் சீட்டு விழுந்து கிடைத்த பங்கைக் குறிப்பது. சீட்டில் கிடைத்த நிலத்தை நாம் அளந்து வாங்குவதில்லை. மூன்றாம் வசனமோ ஜீவனுக்கும் பக்திக்கும் வேண்டிய யாவும் ஏற்கெனவே தரப்பட்டாயிற்று என்கிறது. ‘யாவும்’ தரப்பட்டவர்களிடம் ‘குறைவை நிரப்புங்கள்’ என்று எந்த ஆக்கியோனும் அடுத்த மூச்சில் சொல்லமாட்டார். கணிதத்தின் மொழியில் சொன்னால், முழு அளவைத் தீர்மானித்தவர் கடவுள். அவரே அதை நிறைத்தும் தந்திருக்கிறார்.

இங்கே நம் பழைய திருப்புதலைக் குறித்து ஒரு குறையும் ஒரு நிறையும் சொல்லவேண்டியிருக்கிறது. குறையாவது: மூன்றாம் வசனத்தில் நம்மை அழைத்தவருடைய ‘காருணியம்’ என்று வருவதும், ஐந்தாம் வசனத்தில் நாம் வழங்கவேண்டிய ‘தைரியம்’ என்று வருவதும் கிரேக்கத்தில் ஒரே சொல், ‘அரெட்டே’. தமிழில் மட்டும் வாசிக்கிறவருக்கு இது புலப்படாது. எந்த மேன்மையினால் கடவுள் நம்மை அழைத்தாரோ அந்த மேன்மையே நம் வாழ்விலும் விளங்கவேண்டும் என்பது ஆக்கியோனின் கருத்து. முதலில் அது அவருடையது, பின்பே நம்முடையது. இரு இடங்களிலும் ‘நற்குணம்’ என்றோ ‘மேன்மை’ என்றோ ஒரே சொல்லை வைத்திருந்தால், ஏழு படிகளை நாமாக ஏறவேண்டும் என்னும் எண்ணம் இவ்வளவு எளிதாய்த் தோன்றியிராது.

நிறையாவது: அவர்கள் இவ்வினையை ‘கூட்டி வழங்குங்கள்’ என்று இரு சொற்களால் பெயர்த்தார்கள். எப்பிகொரேகேயோ என்பதன் முன்னொட்டிலுள்ள ‘மேலும்’ என்ற கருத்துக்குக் ‘கூட்டி’ என்றும், கொரேகோஸ் என்பதிலுள்ள தாராளத்துக்கு ‘வழங்கு’ என்றும் அவர்கள் கண்டது பாராட்டத்தக்கது. ‘வழங்கு’ என்பது தமிழில் கைவிரித்துக் கொடுப்பவனுடைய சொல். வள்ளல் வழங்குவான், கடன்காரன் வழங்கமாட்டான், செலுத்துவான். நாமோ பிரசங்கபீடத்தில் ‘கூட்டி’ என்பதைப் பிடித்துக்கொண்டு ‘வழங்குங்கள்’ என்பதை நழுவவிட்டோம். கூட்டல் கணக்காயிற்று, கணக்கு கடனாயிற்று, கடனைச் செலுத்த இயலாத ஓர் ஏழை விதவை தன் வேதாகமத்தின் பின்தாளில் அதைக் குறித்து வைத்தார்.

ஏழும் படிகள் என்பதும் மூலத்தில் இல்லை. ஒன்றைச் சொல்லி, அதையே மறுபடி எடுத்து அடுத்ததோடு கோப்பது அக்காலத்துப் பேச்சுக்கலையில் வழங்கிய ஒரு முறை. பவுலும் ரோமர் 5:3–5இல் அதைக் கையாளுகிறார். ஒன்று முடிந்தபின்னரே அடுத்தது தொடங்கும் என்று அது பொருள்படாது. அப்படிப் பொருள்கொண்டால், பொறுமையில் தேறாதவனுக்கு அன்பு செலுத்த உரிமையில்லை என்றல்லவா ஆகும்! ‘தைரியத்தில் இச்சையடக்கமும், பொறுமையில் அன்பும்’ என்று எந்த வரிசையில் சொன்னாலும், இவை ஒரே விசுவாசத்துக்குள் ஒன்றையொன்று தாங்கி வளர்கின்றன என்பதே உண்மை.

5. பவுல் கூறும் ‘குறைவு’

‘ஆயினும் குறைவை நிரப்புதல் என்று திருமறையில் சொல்லியிருக்கவில்லையா?’ என்று மாணவர்கள் கேட்கலாம். நியாயமான கேள்வி. பவுலின் நிருபங்களில் ‘குறைவு’ என்னும் சொல்லும், அதை ‘நிறைவாக்குதல்’ என்னும் சொல்லும் சேர்ந்து வரும் இடங்கள் உண்டு. முக்கியமான மூன்றைப் பார்ப்போம்.

முதலாவது, 1 தெசலோனிக்கேயர் 3:10. அங்கே தெசலோனிக்கேயருடைய விசுவாசத்தின் குறைவுகள் வெளிப்படையாகவே சொல்லப்படுகின்றன. ஆனால் அதற்கு நான்கு வசனங்களுக்கு முன், அவர்களுடைய விசுவாசத்தையும் அன்பையும் குறித்துத் தீமோத்தேயு கொண்டுவந்த நற்செய்தியால் தாம் ஆறுதலடைந்ததாகப் பவுல் எழுதுகிறார். அவர்களைக் குற்றப்படுத்த அவர் அச்சொல்லை எழுதவில்லை. அவர்கள் முகத்தைக் காண விரும்பி எழுதுகிறார். நிறைவாக்குதலுக்கு அவர் வழங்கும் சொல், மாற்கு 1:19இல் செபெதேயுவின் குமாரர் வலைகளைப் பழுதுபார்த்தார்கள் என்னுமிடத்தில் வரும் அதே சொல். வலையை அதன் சொந்தக்காரனே பழுதுபார்க்கிறான். கிழிந்துபோனதற்காக வலையைக் கடிந்துகொள்வதில்லை.

இரண்டாவது, பிலிப்பியர் 2:30. எப்பாப்பிரோதீத்து பிலிப்பியருடைய குறைவை நிறைவாக்கினான் என்று பவுல் எழுதுகிறார். பிலிப்பியர் கஞ்சத்தனம் பண்ணினார்களா? இல்லை. நாலாம் அதிகாரத்தில் தமக்கு எல்லாம் உண்டு என்றும் தாம் நிறைவடைந்ததாகவும் அவரே நன்றி கூறுகிறார். அவர்களிடம் குறைவாயிருந்தது ஒன்றே: அவர்கள் தூரத்திலிருந்தார்கள். அந்தத் தூரத்தை ஒரு மனிதன் தன் உயிரையும் எண்ணாமல் நடந்து நிரப்பினான்.

மூன்றாவது, மிகவும் கடினமான கொலோசெயர் 1:24. கிறிஸ்துவின் உபத்திரவங்களில் குறைவானதைத் தம் மாம்சத்தில் நிறைவாக்குவதாகப் பவுல் கூறுகிறார். நம் பழைய திருப்புதல் இங்கே ‘நிறைவேற்றுகிறேன்’ என்று பெயர்த்திருக்கிறது. பிலிப்பியரில் வழங்கிய ‘நிறைவாக்குதல்’ என்பதையே இங்கும் வைத்திருந்தால் இரு வசனங்களின் உறவு வாசகருக்கு விளங்கியிருக்கும். சிலுவையின் மீட்புச் செயலில் ஏதோ குறைந்தது என்று இதற்குப் பொருள்கொள்ள முடியாது. ‘உபத்திரவம்’ என்று இங்கே வரும் சொல் புதிய ஏற்பாட்டில் வேறெங்கும் ஆண்டவரின் மீட்பின் பாடுகளைக் குறித்து வருவதில்லை. லைட்புட் அத்தியட்சர் 1875இல் வெளியிட்ட விளக்கவுரையில், பாவநிவிர்த்தி செய்யும் பாடுகளையும் சபையைக் கட்டியெழுப்பும் பாடுகளையும் வேறுபடுத்திக் காட்டினார்; பவுல் பங்கு பெறுவது பின்னதிலேயே. இதனோடு நாம் ஒன்றைச் சேர்க்கலாம். கொலோசெயர் பவுலின் முகத்தைக் கண்டதில்லை என்று 2:1இலிருந்து அறிகிறோம். இங்கும் குறைவு என்பது தூரமே. ஒருமுறை நிறைவாய் முடிந்த பாடுகள், அவற்றைக் காணாத மக்களிடம் ஒரு மனிதனுடைய உடலில் சென்று சேரவேண்டியிருந்தது.

இவ்வசனத்தின் துணையோடு, பரிசுத்தவான்களின் மிகுதியான புண்ணியம் ஒரு பொக்கிஷமாகச் சேர்ந்து பிறருடைய குறைவுக்கு ஈடாகிறது என்று வாதித்தவர்கள் இடைக்காலத்தில் இருந்தனர். 1343இல் போப்பு ஆறாம் கிளெமெந்து வெளியிட்ட ஆணையில் அப்பொக்கிஷத்தைக் குறித்த போதனை இடம்பெற்றது. சீர்திருத்தத் திருச்சபையினராகிய நாம் அதை எதிர்த்தோம் என்று பெருமையாய்க் கற்பிக்கிறோம். ஆனால், இத்தனை நாள் உபவாசம், இத்தனை வாரத் தொடர்ஜெபம், இவ்வளவு காணிக்கை என்று விசுவாசத்தின்மேல் வைத்துச் சுகத்துக்கு விலை பேசுவது நம் சபையாரின் வீடுகளில் நடக்கையில், அதுவும் அப்பொக்கிஷசாலையின் ஒரு கிளையே என்பதை நாம் ஏன் சொல்லத் தயங்குகிறோம்?

6. எதிர்ப்பக்கத்து ஆபத்து

இப்படிச் சொல்வதனால், விசுவாசம் ஒன்றிருந்தால் போதும், நற்குணம் இருந்தாலென்ன, இல்லாவிட்டாலென்ன என்று ஆகிவிடாதா? இந்த எதிர்வாதத்தை அலட்சியம்பண்ணக் கூடாது. 2 பேதுருவின் ஆக்கியோனே சுயாதீனத்தை வாக்குப்பண்ணிக் கேட்டுக்கு அடிமைகளாயிருந்தவர்களை எதிர்த்துத்தான் எழுதினார். 1937இல் போன்ஹோபர், சீஷத்துவத்தைக் குறித்த தம் நூலில், மலிவான கிருபையே திருச்சபையின் கொடிய சத்துரு என்று எச்சரித்ததும் இதையே. இணை உணவு கொடாமல் ஒரு வயதுக் குழந்தையைப் பாலிலேயே வைத்திருப்பதும் அதற்குத் தீங்கே.

எனினும் நற்குணங்கள் இல்லாதவனைப் பற்றி ஆக்கியோன் ஒன்பதாம் வசனத்தில் என்ன சொல்லுகிறார் என்று பாருங்கள். அவனுடைய விசுவாசம் அளவில் குறைந்தது என்று அவர் சொல்லவில்லை. தான் சுத்திகரிக்கப்பட்டதை அவன் மறந்துவிட்டான் என்கிறார். அவனுக்கு மருந்து, பெற்றதை நினைப்பூட்டுதலே. பன்னிரண்டாம் வசனத்தில் ஆக்கியோன் அதையே தம் கடமையாகக் கொள்ளுகிறார். யாக்கோபும் கிரியையில்லாத விசுவாசத்தைக் ‘குறைந்தது’ என்று சொல்லாமல் ‘செத்தது’ என்றே சொல்லுகிறார். உயிரற்றது வேறு, அளவில் சிறியது வேறு. உயிருள்ளதற்கே வளர்ச்சி உண்டு. வளர்ச்சி உள்ளதற்கே இணை உணவு உண்டு. ஆகையால் நற்குணத்தைப் பிரசங்கிப்பதை நாம் விடவேண்டுவதில்லை. வெற்றிடத்தைக் காட்டிப் பயமுறுத்திப் பிரசங்கிப்பதையே விடவேண்டும்.

7. பிரசங்கிப்போருக்கு

இவ்வசனத்தின்மேல் அருளுரை ஆயத்தம்பண்ணும் மாணவருக்கும் உடன் ஊழியருக்கும் மூன்று காரியங்களைச் சொல்லுகிறோம். ஐந்தாம் வசனத்தை முதலாம் மூன்றாம் பதினோராம் வசனங்களின்றித் தனியே எடுக்காதீர்கள். ஏழு படிகள் என்று எண்ணிட்டுக் கொடுக்காதீர்கள். நீங்கள் எண்ணிட்டதை யாரோ ஒருவர் தம் துக்கத்தில் எண்ணிப்பார்ப்பார். மூன்றாவதாக, ஒருவருடைய விசுவாசத்தில் குறைவு இருப்பதாக உங்களுக்குத் தோன்றினால், பவுல் செய்ததுபோல அவருடைய முகத்தைக் காணப் புறப்படுங்கள்.

இந்த மூன்றாவதைச் சொல்ல நமக்குத் தகுதி குறைவு. அந்த அம்மையாரின் வீட்டுக்கு நாம் மூன்று ஆண்டுகளில் எத்தனை முறை சென்றோம் என்று சந்திப்புக் குறிப்பேட்டை எடுத்துப் பார்த்தோம். எட்டு முறை. அவ்வீடு குருமனையிலிருந்து நடந்துபோகும் தூரந்தான். அந்த வீட்டில் குறைவு இருந்தது உண்மையே. அது அவர் விசுவாசத்தில் இருந்த குறைவன்று. பிலிப்பியருக்கு ஓர் எப்பாப்பிரோதீத்து கிடைத்தான், அவருக்குக் கிடைக்கவில்லை.

பல மாதங்களுக்குப் பின் மறுபடியும் அவரைச் சந்தித்து, இக்கட்டுரையில் எழுதியவற்றைச் சுருக்கமாய்ச் சொன்னோம். நெசவாளன் திரிபோனின் கதையையும் சொன்னோம். மூன்று ஆண்டுகள் இரவும் பகலும், தம் சக்திக்கு மிஞ்சியும், கணவரைத் தாங்கி வழங்கி வந்தவர் அவரே என்றும், நான்காம் படியில் நின்றுவிட்டதாக அவர் எண்ணிய நாட்களிலெல்லாம் கடைசிப் படி என்று நாம் எண்ணிட்ட அன்பு அவரிடத்தில் இருந்ததென்றும், ஆகையால் நம்முடைய எண்ணிடுதலே தவறு என்றும் சொன்னோம். அவர் சற்றுநேரம் பேசாதிருந்து, “அப்படியானால் அந்தத் தாளைக் கிழித்துவிடட்டுமா, ஐயா?” என்றார். வேண்டாம், எண்களை மட்டும் அழித்துவிடுங்கள் என்றோம். சொற்கள் நல்லவை, அவை கடவுள் வழங்கியவை.